ஆர்லாண்டோ டிஸ்னிக்குக் கைக்குழந்தையோடு போகிறீர்களா? இந்த பில்லைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

ஒன்பது மாதக் குழந்தை, அதன் அப்பா அம்மா, பிரசவத்துக்குத் துணையாக ஊரிலிருந்து அமெரிக்கா வந்திருந்த தாத்தா பாட்டி. பெரியவர்கள் ஊர் திரும்புவதற்குள் புளோரிடா மாநிலத்து ஆர்லாண்டோவில் உள்ள டிஸ்னி வேர்ல்டைக் காட்டிவிட வேண்டும் என்று, வாட்ஸ்அப் குழுவில் கிடைத்த ஒரு முகவரிடம் மொத்தப் பணத்தையும் கட்டிவிட்டது அந்தக் குடும்பம். அவர் அனுப்பிய பில்லில் குழந்தையின் பெயரில் மட்டும் ஆறு வரிகள்: நுழைவுச் சீட்டு, "பேபி ஸ்வாப் பாஸ்", ஓட்டல் அறையில் தொட்டில், பஃபே சாப்பாடு, கார் சீட்டுடன் (வண்டியில் குழந்தையைக் கட்டி உட்காரவைக்கும் இருக்கை) விமான நிலைய வண்டி, வேகன் வகை ஸ்ட்ரோலர் (குழந்தைத் தள்ளுவண்டி). முதல் நான்கும் டிஸ்னி இலவசமாகத் தருபவை. கடைசி இரண்டுக்கு உண்மையிலேயே காசு ஆகும். ஆனால் வந்து சேர்ந்த இரண்டுமே அந்தக் குழந்தைக்கு உதவாதவை. முகவரின் பெயரைப் போட்டுப் பயனில்லை, அடுத்த மாதம் வேறு பெயரில் வருவார்கள். பில் மட்டும் இதே மாதிரிதான் வரும். அதனால் பில்லைப் பார்ப்போம்.

டிஸ்னி வேர்ல்டில் மூன்று வயது நிறையாத குழந்தைக்குச் சீட்டே கிடையாது. 3 முதல் 9 வயது வரை குழந்தைக் கட்டணம், 10 வயதிலிருந்து பெரியவர் கட்டணம். கைக்குழந்தையை வாசலில் தூக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டியதுதான். பக்கத்தில் இருக்கும் யுனிவர்சல் ஆர்லாண்டோவிலும் மூன்று வயதுக்குக் கீழே சீட்டு வேண்டாம். டிஸ்னி ஓட்டலில் தங்குவதானால் அறை முன்பதிவில் குழந்தையின் பெயரையும் வயதையும் சேர்க்கச் சொல்வார்கள், அதற்கும் கட்டணம் இல்லை. "இன்ஃபன்ட் ரெஜிஸ்ட்ரேஷன்", "ஜீரோ டிக்கெட் பிராசஸிங்" என்று எந்தப் பெயரில் வந்தாலும் அந்த வரியை அடித்துவிட்டுத் திருப்பி அனுப்புங்கள். அடிக்க மறுத்தால் மீதி வரிகளைப் படிக்கவே வேண்டாம், வேறு ஆளைப் பாருங்கள்.

"பேபி ஸ்வாப் பாஸ்" என்று விற்றது, ரைடர் ஸ்விட்ச் என்ற வசதியை. உயரக் கட்டுப்பாடு உள்ள சவாரிகளில் ஒருவர் குழந்தையோடு வெளியே நிற்க, மற்றவர் போய்வருவார். பிறகு வெளியே நின்றவர் நீண்ட வரிசையில் மறுபடி நிற்காமல் லைட்னிங் லேன் என்ற விரைவு வரிசை வழியாகப் போகலாம். இதற்கு முன்பதிவு கிடையாது, யாரும் விற்கவும் முடியாது. சவாரி வாசலில் நிற்கும் ஊழியரிடம் குழந்தையோடு போய் "ரைடர் ஸ்விட்ச்" என்று கேட்டால், வெளியே நிற்கப் போகிறவரின் சீட்டை ஸ்கேன் செய்து பதிந்துவிடுவார். குழந்தை கண்ணெதிரே இருக்க வேண்டும். பாட்டியோடு தொலைவில் ஒரு பெஞ்சில் இருக்கிறது என்றால் தரமாட்டார்கள். செவன் டுவார்ஃப்ஸ் மைன் டிரெயினுக்கு 38 அங்குலம், ஸ்பேஸ் மவுண்டனுக்கு 44, டிரானுக்கு 48 என்று உயரம் கேட்கும் சவாரிகளில்தான் இது வேலை செய்யும். டம்போ, பீட்டர் பான், இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட், பைரேட்ஸ், கிளிமஞ்சாரோ சஃபாரி போன்றவற்றுக்கு உயர வரம்பே இல்லை, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே போகலாம். தாத்தா பாட்டி உடன் வருகிற குடும்பத்துக்கு இந்த வசதி பாதி நேரம் தேவையே படாது என்பதையும் முகவர் சொல்லியிருக்கலாம். அவர்களே குழந்தையைப் பார்த்துக்கொள்ள, இருவரும் சேர்ந்தே போகலாம்.

அதே விரைவு வரிசையில் போக விற்கும் லைட்னிங் லேன் மல்டி பாஸ் என்பது வேறு, அதற்குக் காசு உண்டு. தலைக்கு இவ்வளவு என்று நாளுக்கு நாள் விலை மாறும். 2024 ஜூலையில் ஜீனி பிளஸ் என்ற பழைய கட்டண வசதிக்குப் பதிலாக வந்தது. டிஸ்னி ஓட்டலில் தங்குபவர்கள் 7 நாள் முன்பும் மற்றவர்கள் 3 நாள் முன்பும் டிஸ்னியின் செயலியில் தாங்களே வாங்கிக்கொள்ளலாம். மூன்று வயதுக்குக் கீழே இதுவும் வேண்டாம். குழந்தையையும் சேர்த்து ஐந்து பேருக்கு என்று கணக்குப் போட்டிருந்தால் அது தவறல்ல, திட்டமிட்ட வேலை.

தொட்டிலும் அப்படியே. டிஸ்னி ஓட்டல்களில் மடக்கித் தூக்கக்கூடிய பேக் அண்ட் பிளே வகைத் தொட்டில் கேட்டால் அறைக்கே வரும். கட்டணம் இல்லை. வந்ததும் நான்கு பக்கச் சட்டங்களும் "டக்" என்று பூட்டியிருக்கின்றனவா என்று அழுத்திப் பாருங்கள், அதன்பிறகே நடுத்தரையைக் கீழே தள்ள வேண்டும். வரிசை மாறினால் பக்கச் சட்டம் பூட்டாமல் நின்று, குழந்தை சாயும்போது மடங்கிவிடும். அடியில் இருக்கும் மெல்லிய மெத்தை கடினமாக இருக்கிறதே என்று பாட்டி போர்வையை மடித்துப் போடுவார். அன்பாகச் சொல்லித் தடுத்துவிடுங்கள். அந்தக் கடினம் வேண்டுமென்றே வைத்தது. மெத்தென்ற துணியில் முகம் புதைந்தால் மூச்சு முட்டும்.

பஃபே உணவகங்களில் மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குக் கட்டணம் வாங்குவதில்லை. மேசை முன்பதிவும் இலவசம், 60 நாள் முன்பே செயலியில் செய்யலாம். கிரெடிட் கார்டு எண் கேட்பார்கள். வராமல் போனால்தான் தலைக்கு 10 டாலர் பிடிப்பார்கள். வெளிச்சாப்பாடு உள்ளே போகாது, ஆகவே உணவுத் திட்டம் வாங்கியே ஆக வேண்டும் என்று அந்த முகவர் சொன்னது சுத்தப் பொய். டிஸ்னி வேர்ல்டில் வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகலாம். கண்ணாடிப் பாத்திரம் கூடாது, ஆனால் குழந்தை உணவு வரும் சின்னக் கண்ணாடிக் குப்பிக்கு விலக்கு உண்டு. குளிர்ப்பெட்டி 24 x 15 x 18 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். உதிரி ஐஸ் கூடாது, ஜெல் பை வைக்கலாம். ராகிக்கூழ், பருப்புசாதம் எல்லாம் எவர்சில்வர் பிளாஸ்க்கில் தாராளமாகப் போகும். ஆறிவிட்டால் சூடுபண்ண நான்கு பூங்காக்களிலும் பேபி கேர் சென்டர் இருக்கிறது. மேஜிக் கிங்டமில் கிரிஸ்டல் பேலஸ் உணவகத்துக்குப் பக்கத்தில், எப்காட்டில் ஒடிசி கட்டடத்தில், ஹாலிவுட் ஸ்டூடியோஸில் நுழைவாயிலை ஒட்டி, அனிமல் கிங்டமில் டிஸ்கவரி ஐலண்டில். மைக்ரோவேவ், பால் கொடுக்கத் தனியறை, உயர நாற்காலி, துணி மாற்றும் மேசை எல்லாம் உண்டு. டயப்பரும் பால் பவுடரும் விலைக்குக் கிடைக்கும். பில்லில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இலவசம் என்பதால் முகவருக்கு நினைவு வந்திருக்காது.

இனி காசு கொடுத்து வாங்க வேண்டியவை. பண நஷ்டத்தைவிடப் பெரிய ஆபத்து இங்கேதான்.

விமான நிலையத்திலிருந்து டிஸ்னி ஓட்டல்களுக்கு முன்பு மேஜிக்கல் எக்ஸ்பிரஸ் என்ற இலவசப் பேருந்து ஓடியது. 2022 ஜனவரியில் அது நின்றுவிட்டது. இன்னும் சில முகவர்கள் "டிஸ்னி டிரான்ஸ்ஃபர் இலவசம்" என்று எழுதி, கீழே எரிபொருள், டோல், கார் சீட் என்று பிரித்து வாங்குகிறார்கள். அந்தக் குடும்பத்துக்கு வந்த வேனில் இருந்தது, முதுகுப்பகுதி இல்லாத பூஸ்டர், அதாவது உட்காரும் உயரத்தைக் கூட்டும் மேடை மட்டும். நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கானது அது. ஒன்பது மாதக் குழந்தைக்குப் பின்னோக்கி வைக்கும் சீட் மட்டுமே பொருந்தும். புளோரிடா சட்டம் 5 வயது வரை குழந்தைக்கான கார் சீட்டைக் கட்டாயமாக்குகிறது. 3 வயது வரை அது தனிக் கேரியராகவோ வண்டியிலேயே பொருத்தி வந்த குழந்தை இருக்கையாகவோ இருக்க வேண்டும், பூஸ்டர் செல்லாது. "வாடகை வண்டிக்கு அந்தச் சட்டம் கிடையாது" என்று ஓட்டுநர் சொன்னால், அவர் தன்னைப் பற்றி மட்டும் சரியாகச் சொல்கிறார். வாடகை வண்டியில் அந்தப் பொறுப்பைச் சட்டம் பெற்றோர் தலையில் வைத்திருக்கிறது.

முடிந்தவரை உங்கள் கார் சீட்டையே கொண்டுபோங்கள். அமெரிக்க விமான நிறுவனங்கள் கார் சீட்டுக்கும் ஸ்ட்ரோலருக்கும் தனிக் கட்டணம் வாங்குவதில்லை. செக்-இன் கவுன்டரில் போடுவதைவிட விமான வாசலில் கொடுப்பது நல்லது, அடிபடுவது குறையும். கைப்பிடியோடு தூக்கிப்போகும் பக்கெட் வகை சிசு சீட்டுகளில் பெரும்பாலானவற்றை, வண்டியில் பொருத்தும் அடித்தளம் இல்லாமலே வண்டியின் சீட் பெல்ட்டால் கட்டலாம். அதே பக்கெட் உங்கள் ஸ்ட்ரோலரிலும் மாட்டும் என்றால் இரண்டு வாடகை மிச்சம். குழந்தைக்கு விமானத்தில் தனி இருக்கை வாங்கியிருந்தால், மோட்டார் வாகனத்துக்கும் விமானத்துக்கும் சான்று பெற்றது என்று சிவப்பு எழுத்தில் அச்சிட்ட ஒட்டுத்தாள் கார் சீட்டில் இருக்கிறதா பாருங்கள். மடியில் வைத்துப் போனாலும் பிறப்புச் சான்றின் நகல் ஒன்று பையில் இருக்கட்டும்.

வாடகைச் சீட்தான் என்றால் வண்டி கிளம்புமுன் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. சீட்டின் அடியிலோ முதுகிலோ தயாரித்த தேதியும் காலாவதித் தேதியும் இருக்கும். ஒட்டுத்தாள் கிழிந்திருந்தால் வாங்காதீர்கள். பின்னோக்கிய நிலையில் தோள்பட்டை வார் குழந்தையின் தோளுக்கு நேராகவோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும், மேலிருந்து அல்ல. மார்புக் கிளிப் அக்குள் உயரத்தில். கழுத்தெலும்புக்கு அருகே வாரை விரலால் கிள்ளிப் பார்த்தால் மடிப்பு பிடிபடக் கூடாது. பெல்ட் போகும் இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டினால் ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது. வண்டி இருக்கையின் கீழ்க் கொக்கியில் மாட்டுங்கள் அல்லது சீட் பெல்ட்டால் கட்டுங்கள். கையேடு அனுமதித்தால் ஒழிய இரண்டும் சேர்ந்து வேண்டாம். நள்ளிரவில் இறங்கி, குழந்தை அழ, ஓட்டுநர் அவசரப்படுத்தும்போது இதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. முகவர்களின் தைரியமும் அதுதான். முன்பதிவிலேயே "பின்னோக்கிய சிசு சீட், குழந்தையின் எடை இவ்வளவு" என்று எழுத்தில் வாங்குங்கள். வெறும் "கார் சீட்" என்ற சொல்லுக்குள் எதையும் அடைத்துவிடலாம்.

ஸ்ட்ரோலர் கதை இன்னும் கேவலம். இழுத்துப்போகும் வேகன் வகை வண்டிகளை டிஸ்னி பூங்காக்கள் 2019 மே 1 முதல் அனுமதிப்பதில்லை. தள்ளுகிற மாதிரி வடிவமைத்த வேகன் ஸ்ட்ரோலருக்கும் அதே தடைதான். மற்ற ஸ்ட்ரோலர்கள் 31 அங்குல அகலம், 52 அங்குல நீளத்துக்குள் இருக்க வேண்டும். இது தெரியாமல் ஸ்ட்ரோலர் வாடகைக்கு விடுபவர் ஆர்லாண்டோவில் இருக்க முடியாது. தெரிந்தே கொடுத்தார்கள். வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம், ஒருநாள் முழுக்க வேகனுக்கும் கொடுத்து, உள்ளே டிஸ்னியின் ஸ்ட்ரோலருக்கும் கொடுத்தது. டிஸ்னி வாடகைக்கு விடும் ஒற்றை வண்டிக்கு நாளுக்கு 15 டாலர், இரட்டைக்கு 31 டாலர் என்ற அளவில் வாங்குகிறார்கள். கெட்டியான பிளாஸ்டிக், முதுகு சாயாது, பூங்காவைத் தாண்டி வெளியே கொண்டுபோக முடியாது. தானாக நிமிர்ந்து உட்காரும் குழந்தைக்குத்தான் அது சரி. சின்னக் குழந்தைக்கு, முதுகு முழுக்கச் சாயும் சொந்த ஸ்ட்ரோலர்தான் வழி. டிஸ்னி பேருந்துகளில் மடக்கச் சொல்லலாம், ஒரு கையால் மடங்கும் வகையாக இருந்தால் பிழைத்தீர்கள். சவாரிக்குப் போய்த் திரும்பும்போது வைத்த இடத்தில் இல்லையென்றால் உடனே திருட்டு என்று பதற வேண்டாம், ஊழியர்கள் வரிசைப்படுத்தி நகர்த்துவது வழக்கம். கைப்பிடியில் ஒரு பளிச்சென்ற ரிப்பன் கட்டுங்கள், பாஸ்போர்ட்டை அதில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வெயிலுக்கு மேலே துணியைப் போர்த்துவதும் வேண்டாம். காற்று அடைபட்டு உள்ளே சூடு ஏறும்.

குழந்தை வரிகளில் போனது கொஞ்சம். பெரியவர்களின் சீட்டில் போனதுதான் பெரிது. நான்கு பேருக்கும் "பல நாள் சீட்டில் மீதமிருக்கும் நாட்கள், பாதி விலை" என்று பிடிஎஃப் வந்தது. டிஸ்னி சீட்டுகள் பெயர் மாற்ற முடியாதவை. முதல் நாள் நுழையும்போது மூன்று வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரின் விரலையும் ஸ்கேன் செய்து அந்தச் சீட்டோடு இணைப்பார்கள். அடுத்தவர் விரல் பொருந்தாது, சீட்டு முடக்கப்படும். ஒருமுறை பயன்படுத்திய பல நாள் சீட்டை விற்பது புளோரிடாவில் குற்றமே, சட்டப் பிரிவு 817.361. இதைக் கண்டுபிடிக்க ஒரே சோதனை போதும். பணம் கட்டுமுன் சீட்டின் உறுதிப்படுத்தல் எண்ணைக் கேட்டு மை டிஸ்னி எக்ஸ்பீரியன்ஸ் செயலியில் உங்கள் கணக்கோடு இணையுங்கள். உங்கள் பெயரில், உங்கள் தேதியில், எத்தனை நாளோ அத்தனை நாள் தெரிந்தால் உண்மை. "வாசலில் வந்து கொடுக்கிறேன்", "பார்க்கிங்கில் ஆள் நிற்பார்" என்பவை வேறு ரகம். உண்மையான மறுவிற்பனையாளரின் தள்ளுபடி சொற்பமாகத்தான் இருக்கும்.

ஆர்லாண்டோ பக்கத்துச் சுற்றுலாச் சாலைகளான இன்டர்நேஷனல் டிரைவிலும் 192ஆம் நெடுஞ்சாலையிலும் "இலவச டிஸ்னி டிக்கெட்" என்று சாவடிகள் தெரியும். அங்கே கிடைப்பது டைம்ஷேர் (விடுமுறை விடுதியில் ஆண்டுக்குச் சில நாள் தங்கும் பங்கு) விற்பனைக் கூட்டம். 90 நிமிடம் என்று சொல்லி, கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்து, குழந்தை தூங்கி எழுந்து பசித்து அழும்வரை இழுப்பார்கள். அழுகையை நிறுத்தவாவது கையெழுத்துப் போட்டுவிடலாம் என்ற நிலைக்கு வரும்வரை விடமாட்டார்கள். போட்டுவிட்டால் புளோரிடா சட்டப்படி 10 காலண்டர் நாட்களுக்குள் எழுத்துமூலம் ரத்து செய்யலாம். அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிவாங்கினாலும் செல்லாது. அனுப்பிய தேதி தெரியும்படி பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

தாத்தாவுக்கு முழங்கால் வலி என்றதும், டிஏஎஸ் என்ற மாற்றுத்திறனாளி வரிசைச் சலுகையை "வாங்கித் தருகிறேன், நான் சொல்கிறபடி வீடியோ அழைப்பில் பேசுங்கள்" என்றும் ஒரு பேச்சு நடந்தது. கிட்டேயே போகாதீர்கள். நடக்க முடியாதவர்களுக்கு அது இல்லை, சக்கர நாற்காலி வாடகைக்கு உண்டு. பொய் சொன்னது தெரிந்தால் பூங்காக்களில் நிரந்தரமாக நுழைய முடியாதபடி தடை, சீட்டுப் பணமும் திரும்பாது என்று 2024இல் டிஸ்னி வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது.

ஓட்டலுக்குப் பதிலாக, நீச்சல் குளத்தோடு வீடு பிடித்துத் தரும் முகவர்களும் இவர்களே. பக்கத்து ஊர்களான கிசிமி, டேவன்போர்ட் பக்கம் அப்படி ஏராளமான வீடுகள். புளோரிடாவில் விடுமுறை வாடகை வீட்டுக்கு டிபிபிஆர் என்ற மாநிலத் துறையின் உரிமம் வேண்டும், எண்ணைக் கேட்டு அவர்கள் தளத்தில் தேடலாம். வீட்டுக்காரர் யார் என்பதை ஆஸ்சியோலா, போல்க், ஆரஞ்சு கவுன்டிகளின் சொத்து மதிப்பீட்டாளர் தளத்தில் முகவரி போட்டால் யாரும் பார்க்கலாம். விற்பவர் சொல்லும் பெயர் பொருந்தவில்லை என்றால் காரணம் கேளுங்கள். தவழும் குழந்தைக்கு அந்தக் குளம் வீட்டுக்குள் இருக்கும் கிணறு. 2000 அக்டோபருக்குப் பிறகு கட்டிய குளங்களுக்கு வேலி, மூடி, கதவு அலாரம், உயரத்தில் தாழுள்ள தானே மூடும் கதவு போன்ற பாதுகாப்புகளில் ஒன்றாவது வேண்டும் என்கிறது மாநிலச் சட்டம். வெறும் அலாரம் என்றால் நுழைந்ததுமே கதவைத் திறந்து ஒலிக்கிறதா பாருங்கள், தொல்லை என்று பேட்டரியைக் கழற்றிவைத்திருப்பார்கள். தொட்டில் உண்டு என்றால் புகைப்படம் கேளுங்கள். பக்கச் சட்டம் இறங்கும் பழைய வகைத் தொட்டில்களின் விற்பனை அமெரிக்காவில் 2011 ஜூனிலேயே தடைசெய்யப்பட்டது, 2012 இறுதியிலிருந்து ஓட்டல்களிலும் கூடாது. கம்பிகளுக்கு இடையே 2 3/8 அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் அதில் குழந்தையைப் போடாதீர்கள்.

முகவரே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நல்ல முகவருக்கு டிஸ்னியே கமிஷன் கொடுப்பதால், பெரும்பாலும் உங்களிடம் தனிக் கட்டணம் வாங்கமாட்டார். எந்த ஏஜென்சியின்கீழ் வேலை செய்கிறார், டிஸ்னி அங்கீகரித்த வெகேஷன் பிளானரா என்று கேளுங்கள். புளோரிடாவிலிருந்து விற்பவர் என்றால் மாநில வேளாண்மை, நுகர்வோர் சேவைத் துறையில் "செல்லர் ஆஃப் டிராவல்" பதிவு இருக்க வேண்டும், எஸ்டி என்று தொடங்கும் எண்ணை விளம்பரத்திலேயே போட வேண்டும்.

பணத்தை, வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக அனுப்பும் ஸெல் (Zelle) சேவையில் அனுப்பாதீர்கள். நீங்களே அனுப்பிய பணத்தை வங்கி திரும்ப வாங்கித் தருவது அரிது. கிரெடிட் கார்டு என்றால், பேசியபடி தராத சேவைக்கு ஃபேர் கிரெடிட் பில்லிங் சட்டத்தின்கீழ் கார்டு நிறுவனத்திடம் எழுத்துமூலம் முறையிடலாம். பில்லின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே என்ன சொன்னார்கள், என்ன வந்தது என்று எழுதி, வாட்ஸ்அப் உரையாடலின் படம், வந்த பூஸ்டரின் படம், செல்லாத சீட்டின் படம் எல்லாவற்றையும் இணையுங்கள். ஆனால் அந்தச் சட்டத்தின் 60 நாள் கணக்கு, கட்டணம் முதலில் வந்த ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்ட தேதியிலிருந்து ஓடும், பயணத் தேதியிலிருந்து அல்ல. நான்கு மாதம் முன்பே முழுப்பணமும் கட்டியவர்களுக்கு விமானம் ஏறும் முன்பே அது முடிந்துவிடும். கார்டு நிறுவனங்கள் சேவை கிடைக்க வேண்டிய தேதியிலிருந்து தங்கள் விதிப்படி கூடுதல் அவகாசம் தருவதுண்டு, கேட்டுப் பார்க்கலாம், அதை நம்பி இருக்க முடியாது. டிஸ்னியின் ஓட்டல்-சீட்டு பேக்கேஜுக்கு முன்பணம் 200 டாலர்தான். மீதியைப் பயணத்துக்கு 30 நாள் முன்பு கட்டினால் போதும், அதற்கு முன் ரத்து செய்தால் கட்டிய பணம் திரும்பும். அதே பேக்கேஜுக்கு ஆறு மாதம் முன்பே மொத்தத்தையும் கேட்கிற முகவரிடம், டிஸ்னி தந்த முன்பதிவு எண்ணைக் கேளுங்கள். டிஸ்னிக்கே போன் செய்து அந்த எண்ணில் இதுவரை எவ்வளவு கட்டப்பட்டிருக்கிறது என்று விசாரித்த பிறகு மீதியைக் கொடுங்கள்.